அத்தியாயம் 7: பவர் சப்ளை, மிச்சக் காசில் வாங்கக் கூடாத பெட்டி

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஏறி இறங்கிப் பாருங்கள். கேமிங் கணினிக்கு விலை கேட்டு வருகிறவர்களின் கையில் இருக்கும் கொட்டேஷன் தாள்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில்தான் இருக்கும். முதல் வரியில் புரொசசர். அடுத்தது கிராஃபிக்ஸ் கார்ட். பிறகு மதர்போர்ட், ரேம், எஸ்.எஸ்.டி., வெளிச்சம் போடுகிற கண்ணாடிக் கேசிங். கடைசியில், கூட்டுத்தொகைக்குச் சற்று மேலே, பவர் சப்ளை. கொண்டுவந்த பணம் மேலிருந்து கரைந்துகொண்டே இறங்கி, அந்தக் கடைசி வரிக்கு வரும்போது என்ன மிச்சமோ அதற்குள் அடங்குகிற ஒரு பெட்டி. "650 வாட் இருக்கு தம்பி, காணும்" என்று கடையிலும் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அந்த வரியைத் தாளின் அடியிலிருந்து எடுத்துக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடுத்த இடத்தில் எழுதுங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் நான் வற்புறுத்தப் போவது அதைத்தான். ரேம் மலிவாகப் போனால் கேம் கொஞ்சம் மெதுவாக ஓடும். கேசிங் மலிவாகப் போனால் பார்வைக்கு அவ்வளவு எடுப்பாக இராது. மலிவான பவர் சப்ளை பழுதாகிற நாளில் தனியே போகாது. அதில் கொழுவியிருக்கிற கார்டையும் மதர்போர்டையும், டிஸ்க்கில் இருக்கும் உங்கள் படங்களையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

நான் இருப்பது கிருலப்பனையில். ஹைலெவல் வீதியில் 138ஆம் இலக்க பஸ்கள் இரைந்துகொண்டு போகிற சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு. இந்தப் பகுதியில் கணினி வைத்திருக்கிற பிள்ளைகளில் பலர் பெரிய வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ்களில் இருக்கிறார்கள். முப்பது, நாற்பது வருட வயரிங். ஒரே பிளக் பொயின்ட்டில் ரைஸ் குக்கரும் ஃபேனும் கணினியும். வெளிநாட்டு வீடியோக்கள் கேசிங்குக்கு உள்ளே இருப்பதை அழகாக விளக்கிவிடும். கேசிங்குக்கு வெளியே, சுவரில் இருந்து தொடங்குகிற விஷயத்தை நாங்கள்தான் எங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டையும் இங்கே பார்ப்போம்.

லேபிளை வாசிக்கும் விதம்

என் மேசையில் ஒரு பழைய பவர் சப்ளை கிடக்கிறது. கேசிங்கோடு சேர்த்து வந்தது. முன்பக்கம் கொட்டை எழுத்தில் 600 வாட் என்று இருக்கிறது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டவணைதான் அதன் உண்மையான முகம். மேல் வரிசையில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று நிரல்கள். ஒவ்வொன்றின் கீழும் எத்தனை அம்பியர் தரும் என்ற இலக்கம். 12 வோல்ட் நிரலுக்குக் கீழே 18 அம்பியர் என்று இருக்கிறது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். இன்றைய கணினியில் புரொசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் அநேகமாக முழு மின்சாரத்தையும் 12 வோல்ட்டில்தான் எடுக்கின்றன. ஆகவே இந்தப் பெட்டி கேமிங்குக்கு 216 வாட் பெட்டி. மிகுதி இலக்கம் முன்பக்கத்து எழுத்தில் மட்டும் இருக்கிறது.

நல்ல 750 வாட் பெட்டி ஒன்றின் லேபிளில் அதே நிரலில் 62 அம்பியருக்குக் கிட்ட இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 744 அல்லது 750 வரும். முன்பக்க இலக்கமும் 12 வோல்ட் பெருக்கலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கம்பனி நேர்மையாக எழுதியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கடையில் பெட்டியைத் திறக்க விடாவிட்டாலும் இந்த அட்டவணை அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும். கைபேசியில் இருக்கும் கல்குலேட்டர் போதும். இந்த ஒரு பெருக்கலைச் செய்யாமல் காசு கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பின்பக்கத்தில் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்புச் சுவிச் இருக்கிறதா? இருந்தால் அது பழைய வடிவமைப்பு. இலங்கையில் அந்தச் சுவிச் தவறுதலாக 115இல் இருக்கும்போது பிளக்கைப் போட்டால் அந்தக் கணமே வெடித்துப் போகும். 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே ஏற்றுக்கொள்ளும் பெட்டியை மட்டும் வாங்குங்கள்.

எத்தனை வாட் வேண்டும்

புரொசசர் உச்சத்தில் எடுப்பதையும் கார்ட் உச்சத்தில் எடுப்பதையும் கூட்டுங்கள். மதர்போர்ட், ரேம், எஸ்.எஸ்.டி., ஃபேன்கள், யு.எஸ்.பி.யில் தொங்குகிறவை எல்லாவற்றுக்கும் 50 முதல் 80 வாட் சேருங்கள். வந்த தொகையோடு மூன்றில் ஒரு பங்கை மேலதிகமாகப் போடுங்கள். கணக்கு இவ்வளவுதான்.

உச்சம் என்று சொல்வதில் ஒரு பொறி இருக்கிறது. ஏ.எம்.டி. புரொசசர் பெட்டியில் எழுதியிருக்கும் வாட் வேறு, மதர்போர்ட் அதற்குக் கொடுக்க அனுமதிக்கும் வாட் வேறு. ரைசன் 7 7800எக்ஸ்3டிக்கு 120 வாட் என்று எழுதியிருப்பார்கள். எல்லை 162 வாட். இன்டெல்லின் கோர் ஐ9-14900கே-யில் 125 வாட் என்ற இலக்கம் முன்னால் நிற்கும்; டேர்போ எல்லை 253 வாட். கணக்கில் எப்போதும் பெரிய இலக்கத்தையே போடுங்கள்.

என்னிடம் கேட்டு வந்த ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். 7800எக்ஸ்3டி புரொசசர் 162. ஆர்.டி.எக்ஸ். 5070 டி.ஐ. கார்ட் 300. மற்றவை 60. மொத்தம் 522. மூன்றில் ஒன்று கூட்டினால் 696. ஆகவே 750 வாட். அந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் அளவும் 750தான். பாவித்த ஆர்.டி.எக்ஸ். 3060 ஒன்றை ரைசன் 5 5600-ஓடு சேர்த்துப் பட்ஜெட்டில் கட்டுகிறவருக்கு 170, 76, 50 என்று கூட்டினால் 300 வாட்டுக்குள் அடங்கிவிடும். நேர்மையான 550 வாட் தாராளம். மறு நுனியில் 575 வாட் எடுக்கும் ஆர்.டி.எக்ஸ். 5090-ஐ 14900கே-யோடு பூட்டுகிறவர் 900 வாட்டை நெருங்கிவிடுகிறார். அவருக்கு 1200 வாட் வேண்டும்.

இந்த மூன்றில் ஒரு பங்கு மேலதிகம் எதற்கு என்று கேட்பார்கள். ஒரு காரணம் வெப்பம். முழுச் சுமைக்குக் கீழே ஓடுகிற பெட்டி குளிர்ச்சியாக, சத்தமில்லாமல் ஓடும். மற்றக் காரணம்தான் பெரியது. கிராஃபிக்ஸ் கார்ட் தன் 300 வாட்டை ஒரே சீராக எடுப்பதில்லை. திரையில் ஒரு வெடிப்புக் காட்சி வரும்போது, கண் இமைப்பதிலும் மிகச் சிறிய நேரத்துக்கு, அதன் இரட்டிப்பைக்கூட இழுத்துவிடும். என்விடியாவின் 30 தொடர் கார்டுகள் வந்த காலத்தில் இந்தத் திடீர் இழுப்பால், காகிதத்தில் போதுமானதாக இருந்த பெட்டிகள்கூடக் கேமின் நடுவில் அணைந்துபோயின. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2022இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். 3.0 என்ற விதியைக் கொண்டுவந்தது. பெரிய கார்டுகளுக்கான பெட்டி தன் வாட்டின் இரு மடங்கை 100 மைக்ரோவினாடிக்குத் தாங்க வேண்டும் என்பது அதில் உண்டு. 2023இல் அதன் திருத்தம் 3.1 வந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் அட்டையில் ஏ.டி.எக்ஸ். 3.1 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கேம் நடுவில் கணினி எச்சரிக்கை இல்லாமல் பட்டென்று அணைகிறது, நீலத் திரைகூட வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளையைத்தான்.

கொஞ்சம் முன்யோசனையும் நல்லது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர், மே மாதமளவில் 360 ரூபாவுக்கு ஏறியதை நாங்கள் எல்லோரும் அனுபவித்தோம். அந்த ஆண்டு சாமான் மாற்றப் போனவர்களுக்கு எல்லாமே கைக்கெட்டாத விலை. கார்டை நான்கு வருடத்தில் மாற்றுவீர்கள். நல்ல பவர் சப்ளை பத்து வருடம் நிற்கும். அடுத்த கார்ட் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று நினைத்தால் இப்போதே ஒரு படி மேலே, 750க்குப் பதில் 850, வாங்கி வைப்பது எங்கள் நாட்டு நிலைமைக்குப் புத்தியான செலவு. அதற்கு மேல் போய் 550 வாட் தேவைக்கு 1200 வாட் வாங்குவது வீண்.

கோல்ட், புரொன்ஸ் என்ற முத்திரைகள்

80 பிளஸ் என்ற சான்றிதழ் 2004இல் தொடங்கியது. சுவரில் இருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை வீதத்தை வெப்பமாக வீணாக்காமல் உள்ளே கொடுக்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. 230 வோல்ட்டில் பாதிச் சுமைக்கு, புரொன்ஸ் 88 வீதம், கோல்ட் 92 வீதம்.

இந்த வித்தியாசம் எங்கள் பில்லில் எவ்வளவு? உள்ளே 400 வாட் தேவைப்படும் கணினியை எடுங்கள். புரொன்ஸ் பெட்டி சுவரில் இருந்து ஏறத்தாழ 455 வாட் எடுக்கும்; கோல்ட் 435. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், முப்பது நாள் விளையாடினால் வித்தியாசம் 2.4 அலகு. மாதம் இரண்டரை அலகுக்காக மட்டும் கோல்ட் வாங்கினால் அந்தக் காசு இலேசில் திரும்பி வராது. அதே நேரம் மொத்தப் பாவனையைப் பாருங்கள்: மாதம் 52 அலகு, மொனிட்டரோடு 55ஐத் தாண்டும். வீட்டு மின்கட்டணப் படிகள் 60, 90, 120, 180 என்று ஏறுகின்றன. அறையில் இருக்கும் ஒரு கணினி, முழு வீட்டையும் அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடியது. பில் கட்டுகிற அப்பாவிடமோ அம்மாவிடமோ இதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

அப்படியிருந்தும் நான் கோல்ட்டையே சொல்கிறேன். காரணம் வேறு. கோல்ட் தரத்துக்குப் பெட்டி செய்கிற கம்பனி பெரும்பாலும் நல்ல கப்பாசிற்றர்களைப் போட்டு, நீண்ட உத்தரவாதமும் கொடுக்கிறது. பெரும்பாலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கிகாபைட்டின் பி750ஜி.எம்., பி850ஜி.எம். என்ற இரண்டு பெட்டிகளும் கோல்ட் முத்திரை பெற்றவைதான். சுயாதீனமாகச் சோதித்தவர்களின் மேசைகளில் அவை வெடித்தன. 2021 ஓகஸ்டில் கம்பனி குறிப்பிட்ட தொகுதிகளை மாற்றிக் கொடுப்பதாக அறிவித்தது. மிகைச் சுமை வந்தால் தானாக அணைய வேண்டிய எல்லை 120 முதல் 150 வீதம் வரை உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது; பிறகு அதை 110 முதல் 120 வீதத்துக்கு இறக்கினார்கள். சிக்கனத்துக்கான முத்திரை பாதுகாப்பைப் பற்றி எதுவும் பேசுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொரு குறையும் உண்டு. 80 பிளஸ் சோதனை 23 பாகை செல்சியசில் நடக்கிறது. ஏப்ரல் மாதத்துக் கிருலப்பனையில், கதவு சாத்திய சிறிய அறையில், கேசிங்குக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சொன்ன வாட்டைப் பெட்டி எந்த வெப்பத்தில் தரும் என்று கம்பனியின் விவரத்தாளில் தேடுங்கள். 40 பாகை என்றால் பரவாயில்லை. 50 பாகை என்றால் எங்கள் ஊருக்கு ஏற்றது. கூடவே, மிகை மின்னோட்டம், மிகை வோல்ட், குறை வோல்ட், ஷோர்ட் சேர்க்கிட், மிகை வெப்பம் ஆகிய ஐந்துக்கும் பாதுகாப்பு உண்டா என்று பாருங்கள். மலிவுப் பெட்டிகளில் முதலில் காணாமல் போவது வெப்பப் பாதுகாப்பு.

சுவரில் இருந்து வருவது

எங்கள் லைனுக்குப் பெயரளவு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஆறு வீதம் கூடவோ குறையவோ விதி அனுமதிக்கிறது. அதாவது 216 முதல் 244 வரை. 100 முதல் 240 என்று எழுதியிருக்கும் நல்ல பெட்டி அந்தச் சிறு ஏற்றத்தையும் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. கிருலப்பனையில் மின்சார சபை போட்ட லைன். நுகேகொடப் பக்கம் போனால் லெகோ கம்பனியின் லைன். இரண்டிலும் சாதாரண நாட்களில் பெரிய தொல்லை இல்லை. கரண்ட் போவதைவிட, திரும்பி வருகிற கணம்தான் கெடுதி.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நண்பகலுக்கு முன்னரே பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் இருண்டது. பின்னேரம் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. நுரைச்சோலை மின்நிலையத்தின் இயந்திரங்கள் நின்றுபோனதால் அடுத்து வந்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர வெட்டு. இப்படிக் கரண்ட் திரும்பும்போது தெருவில் உள்ள எல்லாக் குளிர்சாதனப் பெட்டிகளும் தண்ணீர்ப் பம்புகளும் ஏ.சி.களும் ஒரே நேரத்தில் இழுக்கத் தொடங்கும். வோல்ட் ஒருமுறை தாழ்ந்து பிறகு துள்ளும். கரண்ட் போனவுடன் கணினியின் சுவர்ச் சுவிச்சை அணைத்துவிடுங்கள். திரும்பி வந்து பத்து நிமிடம் நிலைத்த பிறகு போடுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் தொடங்கும்போது சுவிச்சை அணைப்பது போதாது. பிளக்கையே கழற்றுங்கள். ரவுட்டரில் இருந்து வரும் நெட்வேர்க் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள்; மின்னல் அந்த வழியாலும் வரும்.

யு.பி.எஸ். பற்றிச் சொல்ல எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை வெட்டிய காலத்தில், வீட்டில் இருந்த 650 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் என் கேமிங் கணினியைக் கொழுவியிருந்தேன். பழைய கணினியை அது பத்து நிமிடம் தாங்கும். புதியதைத் தாங்கவில்லை, கரண்ட் போன கணமே கணினியும் அணைந்தது, யு.பி.எஸ். மட்டும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்து, ஒரு டிஸ்க்கின் கோப்புகள் பழுதான பிறகுதான் காரணத்தைத் தேடினேன். 650 வி.ஏ. என்பது உண்மையில் 360, 390 வாட் அளவுதான். என் கணினி அதைவிடக் கூட எடுத்துக்கொண்டிருந்தது. மற்றக் காரணம் அலை. மலிவு யு.பி.எஸ். பற்றரியில் ஓடும்போது லைனில் வருவது போன்ற வளைந்த அலையைத் தருவதில்லை. படிக்கட்டுப் போன்ற அலையைத் தருகிறது. கோல்ட் பெட்டிகளில் இருக்கும் அக்டிவ் பி.எஃப்.சி. என்ற பகுதி அந்த அலையைச் சில வேளைகளில் ஏற்றுக்கொள்ளாது.

ஆகவே கேமிங் கணினிக்கு யு.பி.எஸ். வாங்குகிறவர்கள் பியூர் சைன் வேவ் என்று எழுதியதையே கேளுங்கள். வி.ஏ.யைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள், 1500 வி.ஏ. வகை 900 வாட் தந்தால் நடுத்தரக் கணினி ஒன்றுக்குப் போதும். லைனில் இருந்து பற்றரிக்கு மாற அதற்கு 4 முதல் 10 மில்லிவினாடி எடுக்கும். நல்ல பவர் சப்ளை உள்ளே சேமித்திருக்கும் மின்சாரத்தில் 12 முதல் 17 மில்லிவினாடி வரை தாக்குப்பிடிக்கும். மலிவுப் பெட்டி அதற்குள் விழுந்துவிடும். யு.பி.எஸ். இருந்தும் கணினி அணைகிறதே என்று யு.பி.எஸ்.ஸை மட்டும் திட்டுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

எர்த். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெளியில் இருந்து கொண்டுவந்த பெட்டிகளில் சில வேளை ஐரோப்பாவின் இரண்டு உருண்டைக் கம்பி பிளக் இருக்கும். எங்கள் 13 அம்பியர் சதுரத் துளைப் பொயின்ட்டில் அது போகாது. உடனே மேலே இருக்கும் எர்த் துளைக்குள் ஒரு பேனையைச் செருகி, கீழ் இரண்டு துளைகளின் மூடியைத் திறந்து, பிளக்கை அழுத்திவிடுவார்கள். நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்தக் கணத்தில் இருந்து கணினிக்கு எர்த் இல்லை. வெறுங்காலோடு கேசிங்கின் தகரத்தைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று ஏறும். பவர் சப்ளையின் வாசலில் இருக்கும் வடிகட்டி, கசியும் சிறிய மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. எர்த் இல்லாவிட்டால் அது கேசிங்கில் நிற்கும், உங்கள் உடம்பைத் தேடும். ஃபியூஸ் உள்ள சதுர முனை 13 அம்பியர் வயர் ஒன்றை வாங்கிப் போடுங்கள். அதைப் போட்ட பிறகும் சுருசுருத்தால் பொயின்ட்டிலேயே எர்த் இல்லை என்று அர்த்தம். அனெக்ஸ்களில் இது சாதாரணம். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். எர்த் இல்லாத வீட்டில் ட்ரிப் சுவிச்சும் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாது.

வயர்கள்

மொடியூலர் பெட்டி என்றால் வயர்களைக் கழற்றிப் பூட்டலாம். வசதியானதுதான். ஆனால் ஒரு பெட்டியின் வயரை இன்னொரு பெட்டியில் ஒருபோதும் பூட்டாதீர்கள். கார்டிலும் டிஸ்க்கிலும் பூட்டுகிற முனை எல்லாக் கம்பனிக்கும் ஒன்று. பவர் சப்ளையில் பூட்டுகிற முனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. வடிவம் பொருந்தும், உள்ளே போகும், 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வரும். எனக்கு நடந்தது. பெட்டியை மாற்றியபோது, ஏற்கெனவே அழகாகக் கட்டியிருந்த சாட்டா வயரைக் கழற்றப் பஞ்சிப்பட்டு அப்படியே விட்டேன். சுவிச்சைப் போட்டதும் பிளாஸ்டிக் எரிந்த மணம். மகள் பிறந்த காலத்துப் படங்கள் இருந்த டிஸ்க் அது. பிரதி வைத்திருக்கவில்லை.

கார்டுக்கான வயர் அடுத்தது. 8 முனை வயர் ஒன்றின் கணக்கு 150 வாட். இரண்டு 8 முனை கேட்கும் கார்டுக்கு, ஒரே வயரில் இரட்டைத் தலையாகத் தொங்குவதைப் பூட்டாமல், பெட்டியில் இருந்து தனித்தனியே இரண்டு வயர் இழுங்கள். புதிய கார்டுகளில் 12 பெரிய முனையும் 4 சிறிய முனையும் கொண்ட ஒற்றைத் தலை வருகிறது. 600 வாட் வரை அதன் வழியாகப் போகலாம். 12 வோல்ட்டில் அது 50 அம்பியர். மின்சாரத்தைக் கொண்டுவரும் ஆறு முனைகளில் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் எட்டு அம்பியருக்கு மேல். தீப்பெட்டியைவிடச் சிறிய தலைக்கு அது பெரிய சுமை. 2022 ஒக்டோபரில் ஆர்.டி.எக்ஸ். 4090 வந்த சில வாரங்களிலேயே உருகிய தலைகளின் படங்கள் வரத் தொடங்கின. அந்த நவம்பரில் என்விடியா, உலகம் முழுவதும் ஏறத்தாழ 50 சம்பவங்கள், தலை முழுவதுமாக உள்ளே போகாததே பொதுவான காரணமாகத் தெரிகிறது என்று சொன்னது. 12வி-2எக்ஸ்6 என்ற திருத்திய தலையில் நான்கு சிறிய முனைகளைக் குட்டையாக்கினார்கள்; முழுவதும் போகாவிட்டால் கார்ட் மின்சாரம் எடுக்கத் தொடங்காது.

பூட்டும்போது கார்டைக் கேசிங்குக்கு வெளியே எடுத்து வைத்துப் பூட்டுங்கள். இரண்டு பெருவிரல்களாலும் நேராக அழுத்துங்கள். கொக்கி விழுகிற சத்தம் சில வயர்களில் கேட்காது. ஆகவே டோர்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பாருங்கள். தலைக்கும் கார்டுக்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளியும் தெரியக் கூடாது. தலையில் இருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை வயர் வளையாமல் நேராக வர வேண்டும். கண்ணாடிக் கதவு வயரை அழுத்துகிறதென்றால் கேசிங் ஒடுக்கம், கேசிங்கை மாற்றுங்கள்.

உத்தரவாதம்

எங்கள் கடைகளின் பில்லுக்கு அடியில் சிறிய எழுத்தில் ஒரு கணக்கு இருக்கும்: ஒரு வருடம் என்றால் 350 நாள். மூன்று வருடம் என்பது 1050 நாள். உத்தரவாதம் மூன்று வருடத்துக்கு ஒன்றரை மாதம் முன்னமே முடிகிறது. எரிந்த தழும்பு, துரு, மின்னல் என்பனவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்றும் அதே எழுத்தில் இருக்கும். பவர் சப்ளை பழுதாகும் விதங்களில் பாதி இந்த மூன்றுக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே வாங்கும் முன்னரே கேளுங்கள்: உள்ளே எரிந்தால் மாற்றித் தருவீர்களா, இலங்கை ஏஜென்ட் யார், மாற்றும்வரை பதில் பெட்டி உண்டா? பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கம்பனிகள் ஏழு, பத்து வருடம் என்று வெளிநாட்டில் கொடுப்பதை இங்கே கடை மூன்றாகச் சுருக்கிவிடலாம். ஒரே விலையில் இரண்டு பெட்டி இருந்தால், உள்ளூரில் அதிக வருடம் தருவதை எடுங்கள். பில்லின் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும். அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சீரியல் இலக்கத்தையும் சேர்த்து. பேசித் தீராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

பாவித்த கார்ட் வாங்கலாம். பாவித்த பவர் சப்ளை வேண்டாம். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதோடு அதைக் கார்டுகளில் மைனிங் செய்வது முடிவுக்கு வந்தது. இரவு பகலாக முழுச் சுமையில் ஓடிய பெட்டிகள் பல அதன் பிறகு சந்தைக்கு வந்தன. கப்பாசிற்றர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

வைக்கும் இடம்

இப்போதைய கேசிங்குகளில் பவர் சப்ளை அடியில் இருக்கிறது. நிலத்தில் இருந்து காற்றை இழுக்கிறது. கார்ப்பெட்டில் வைத்தால் மூச்சு முட்டும். கிருலப்பனைக் கால்வாயை ஒட்டிய ஒழுங்கைகளில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தியவன்னாவில் இருந்து வரும் தண்ணீர் இந்தக் கால்வாய் வழியாகத்தான் வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கடலுக்குப் போகிறது. 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில், தியவன்னாவை ஒட்டிய நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. கணினியைத் தரையில் வைக்க வேண்டாம், ஓர் அடி உயர மேசையாவது வேண்டும். வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கைகளில் உப்புக் காற்று. அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். பவர் சப்ளையின் மூடியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும்.

எல்லாம் பூட்டி முடிந்த அன்றிரவு, உங்களிடம் இருப்பதிலேயே கனமான கேமை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். கேசிங்கின் பின்னால் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடான காற்று வரும், அது சரி. பிறகு சுவருக்குப் போய் பிளக்கின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாமல் சுட்டாலோ மீன் மணம் போல ஒரு மணம் வந்தாலோ பொயின்ட்டுக்குள் வயர் தளர்ந்திருக்கிறது. கேமை மூடி, சுவிச்சை அணைத்து, எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும் வரை அந்தப் பொயின்ட்டில் எதையும் கொழுவாதீர்கள்.